பதினொரு மெல்டர்பிகள்

— "பெப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. நேற்று ஒரு பிழை விட்டேன். ஈசா டவுன் கத்தாரில் இருக்கிறது என்று நினைத்து, வரைபடத்தில் அங்கே இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டேன். அது பஹ்ரைனில் இருக்கிறது. அழித்துத் திருத்தினேன். கோசலா மெல்டர்பி, துபாய். துஷானி மெல்டர்பி, சோஹார். இருவரும் உடன்பிறந்தவர்களா? சந்தேகம்." இன்னும் வாசிக்கவா தம்பி, இதோட நிறுத்தவா?

— கோசலாக்கா, உது என்ட கொப்பி. தாங்கோ இஞ்ச.

— தாறேன். மொதல்ல பதில் சொல்லுங்க. லெட்டர் கேட்டு வந்தவ பேரு ஒங்க கொப்பியில என்னத்துக்கு? எங்க துஷானி பேருக்குப் பக்கத்துல செவப்பு மையில சந்தேகம்னு என்னத்துக்கு?

— ஃபோட்டோக்கொப்பி எடுக்க உள்ளுக்குப் போன ரெண்டு நிமிசத்தில, மேசையில கிடந்த கொப்பியை எடுத்து வாசிச்சுப்போட்டு, நீங்கள் என்னைக் கேள்வி கேக்கிறியள்.

— காலையில எட்டு மணிக்கு வந்து ஒக்காந்தேன். இப்ப ஒண்ணு. இந்தக் குசைஸ் ஆபீசே சோத்துக்குப் போயிருச்சு. ஒரு லெட்டர் அடிக்க ஏன் இம்புட்டு நேரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பத்தானே வெளங்குது சங்கதி. நீங்க யாரு லக்சன் தம்பி? கிளாக்கரா, சிஐடியா?

— கிளாக்கர்தான். ஆறு மாசமா உந்தக் கதிரையிலதான் இருக்கிறன். நீங்கள் பார்த்தனீங்கள்தானே.

— பாத்திருக்கேன். எந்நேரமும் எதையாச்சும் எழுதிக்கிட்டே இருப்பீங்க. கணக்கு வழக்குப் போலன்னு நெனச்சேன். எங்களையில்ல எழுதியிருக்கீங்க.

— அக்கா, அது பின்னேர வகுப்புக்கு எழுதிறது. கிழமையில மூண்டு நாள் இங்கிலீசு வகுப்புக்குப் போறனான். சம்யுக்தா மிஸ் எல்லாருக்கும் ஒரு வேலை தந்தவ. காணக் கிடைக்காத ஒரு இங்கிலீசுக் குடும்பப் பெயரை எடுத்து, அது எங்க பிறந்தது, எந்தெந்த நாட்டுக்குப் போனது எண்டு எழுத வேணும். ஒவ்வொரு நாளும் செய்ததைத் திகதி போட்டு எழுத வேணும், பிழை விட்டா அதையும். மற்றப் பெடியள் ஒன்லைனில தேடினவங்கள். நான் உங்கட ஃபைலில கண்டன்.

— ஆக, எங்க பேரைத் திருடிக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துல வித்திருக்கீங்க.

— விக்கேல்லை. இன்னும் குடுக்கக்கூட இல்லை.

— குடுக்காதீங்க. கொப்பியக் கிழிச்சுப் போட்டுட்டு லெட்டரை அடிங்க. துஷானி ஏணியில இருந்து விழுந்து இன்னையோட நாலு நாளு. எல்லை தாண்டி சோஹார் ஆஸ்பத்திரியில தலையத் தொறந்து ஆபரேசன் பண்ணியிருக்காங்களாம். அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்லுவாங்களாம். நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு டிக்கட் வாங்கிட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி தம்பி. கோசலா, துஷானிக்குக் கூடப்பொறந்த அக்கா. கம்பெனி சீலு. அவ்வளவுதான்.

— அந்த ஒரு வரியிலதான் அக்கா எல்லாப் பிரச்சினையும்.

— என்ன பிரச்சினை? பாஸ்போர்ட்ட வச்சுப் பாருங்க. அவளும் மெல்டர்பி, நானும் மெல்டர்பி.

— எனக்கு முதல் இந்தக் கதிரையில சுஐபு எண்டு ஒருத்தர் இருந்தவர். தெரியுமே?

— கன்னத்துல மச்சம். தெரியும்.

— ஒரு பெடியனுக்கு அண்ணன் எண்டு இதே மாதிரி ஒரு கடிதம் எழுதிக் குடுத்தவர். அண்ணன் இல்லை எண்டு பிறகு தெரிய வந்திட்டுது. மூண்டாம் நாள் சுஐபு வேலை போய் ஊருக்கு விமானத்தில. அதுக்குப் பிறகு கடிதங்களுக்குக் கையெழுத்துப் போடுற மனேஜர் விஜயபாஸ்கர் சார் சொல்லிப்போட்டார்: "லக்சன், நீ விசாரிச்சு எழுது. நீ உறுதின்னு எழுதினா நான் கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடுவேன். பொய்னு தெரிஞ்சா அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு நான் இல்ல, நீ." நாளைக்குக் காலமை எட்டுக்குத்தான் அவர் வாறார்.

— அப்ப விசாரிங்க. நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன். கொப்பிக்குள்ள பூந்து என்னத்த விசாரிக்கிறீங்க?

— சரி, கேக்கிறன். கோவிக்கக் கூடாது.

— கோவம் வந்தா வரும். கேளுங்க.

— முதல் நான் கண்டுபிடிச்சதைச் சொல்லுறன். பிழையா இருக்கலாம், ஆனா மூண்டு தரம் சரி பார்த்தனான். மெல்டர்பி எண்டுற பெயர் இங்கிலாந்தில வடக்குப் பக்கம், ஒரே ஒரு பள்ளத்தாக்கில இருந்து வந்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொண்டாம் ஆண்டுக் குடிக்கணக்கில மொத்தம் நாப்பத்து மூண்டு பேர். அதில முப்பத்தெட்டுப் பேர் அந்தப் பள்ளத்தாக்கிலதான். ஈயச் சுரங்க வேலை, ஆடு மேய்க்கிற வேலை. மற்ற அஞ்சு பேரும் பக்கத்தில ஒரு துறைமுகத்தில.

— நாப்பத்து மூணு பேரா? எங்க தோட்டத்து லயத்து வரிசையில அதைவிட சாஸ்தி.

— இப்ப இன்னும் குறைவு. இங்கிலாந்தில பதினேழு பேர். நியூசிலாந்தில ஆறு. உலகத்திலேயே அவ்வளவுதான் எண்டு எழுதி வைச்சிட்டு, எங்கட கம்பெனி ஃபைலைத் திறந்தன். துபாயில நாலு, சோஹாரில மூண்டு, ஈசா டவுனில ரெண்டு, குவைத்தில ரெண்டு. பதினொரு மெல்டர்பி. எல்லாம் பொம்பிளையள். எல்லாம் மலையகம். இங்கிலாந்தில மிஞ்சின ஆக்களின்ட தொகையில அரைவாசிக்கு மேல இஞ்ச வளைகுடாவில நிலம் துடைச்சுக்கொண்டு இருக்கினம்.

— தொடைச்சுக்கிட்டு இல்லாம? ஆடா மேய்ப்பாங்க?

— அக்கா, சிரிக்காதேங்கோ. அந்தப் பெயர் உங்களுக்கு எப்பிடி வந்தது?

— எப்பிடி வரும்? தொரைதான்.

— எந்தத் துரை?

— மெல்டர்பி தொரை. வெள்ளைக்காரன் காலத்துல. எங்க பாட்டனுக்குப் பாட்டன். நீங்க யாழ்ப்பாணத்துல இருந்து வந்து கேட்டா இதெல்லாம் வெளங்காது. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். என் கண்ணைப் பாருங்க, பூனைக்கண்ணு மாதிரி இல்ல?

— இல்லை. சாதாரண மண்ணிறம்.

— வெளிச்சத்துல பாக்கணும்.

— இலங்கைக்கு வந்த தோட்டத்துரைமார்ட பெயர்ப் பட்டியல் பழைய கைநூலுகளில இருக்கு. தேடினனான். அந்தப் பெயரில ஒருத்தரும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்குத் தேவாலயப் பதிவிலயும் ஒருத்தர்கூட சிலோனுக்குப் போனதா இல்லை.

— பதிவுல ஏறியா தம்பி தொரைமாரு புள்ள பெத்தாங்க?

— அது நியாயம்தான். நானும் அப்பிடித்தான் யோசிச்சு, "பதிவில்லாத குடும்பம்?" எண்டு எழுதினன். பிறகு ஃபைலை வடிவாப் பார்த்தன். பதினொராவது ஆள் குவைத்தில. பெயர் நஸீரா மெல்டர்பி.

— அவளுக்கென்ன?

— நஸீராவும் துரையின்ட பேத்தியே?

— தொரைக்கு சாதி மதம் இருந்துச்சா என்ன.

— அக்கா.

— சரி, நஸீரா கல்யாணம் கட்டி வந்தவ.

— கலியாணம் கட்டேல்லை. ஃபைலில இருக்கு. பதினொரு பேருக்கும் தகப்பன் பெயர் பதினொண்டு. பதினொரு பாஸ்போட்டும் ரெண்டாயிரத்து இருபத்து மூண்டில, மூண்டு மாசத்துக்குள்ள எடுத்தது. எல்லாத்துக்கும் ஹட்டனில இருக்கிற ஒரே ஏஜென்ட். இதைக் கண்டா நீங்கள் என்ன நினைப்பியள்?

— நான் நெனைக்க மாட்டேன். எனக்கு வேலை இருக்கு.

— உதுதான் நான் சந்தேகம் எண்டு எழுதினது. உங்களில எனக்குக் கோவம் இல்லை. நாளைக்கு ஆரும் ஃபைலைத் திறந்து இதே கேள்வியைக் கேட்டா, நான் என்ன சொல்லுறது?

— யாரு தொறப்பா? ஒரு வருசமா யாரும் தொறக்கல. நீங்க தொறந்தீங்க. எங்களை வேலைக்கு எடுக்கிறப்ப அரபி முதீரு, பெரிய மேனேஜரு, பேரைப் பாத்தாரு, "சேம் ஃபேமிலி? கலாஸ்"னு அதோட முடிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு. அரபி ஆளுங்களுக்குப் பின்னாடி இருக்கிற பேரு ஒண்ணா இருந்தா ஒரே வம்சம். அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. நோண்டுறது நம்ம ஆளுங்கதான்.

— அந்த ஃபோன் நம்பரைத் தாங்கோ.

— எந்த நம்பரு?

— சோஹார் ஆஸ்பத்திரி. நான் கேட்டுப் பார்க்கிறன். கம்பெனியில இருந்து கேட்டாச் சொல்லுவினம். கடிதமே தேவைப்படாது.

— கம்பெனி ஆளு மொத நாளே போய் இன்சூரன்ஸ் கார்டைக் குடுத்துட்டு வந்துட்டான். உள்ள விடலையாம். நீங்க கேளுங்க, கேளுங்க. இந்தாங்க நம்பரு.

— ஹலோ. சோஹாரே? சிஸ்டர், நான் துபாயில கம்பெனி ஆபீசில இருந்து கதைக்கிறன். ஓம், தமிழ். நீங்கள் மலையாளமே? பரவாயில்லை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ. துஷானி மெல்டர்பி. ஓம். ஓம், தலையில ஆபரேசன். எப்பிடி இருக்கிறா எண்டு மட்டும்... என்ன? நானோ? நான் கம்பெனி கிளாக்கர். இல்லை. இல்லை சிஸ்டர், உறவு இல்லை. விளங்குது. ஓம், விளங்குது. சரி, வைக்கிறன்.

— என்ன சொல்றாங்க?

— "நீங்கள் அவளுக்கு ஆர்" எண்டு கேட்டவ.

— ம்.

— அவ்வளவுதான். கண் முழிச்சாவோ எண்டு கூடச் சொல்லேல்லை. மரியாதையாத்தான் கதைச்சவ. சொல்லக்கூடாது எண்டு விதியாம்.

— எனக்கும் நாலு நாளா அதே கேள்விதான். நான் அக்கான்னேன். அக்கான்னா பேப்பரோட வான்னுட்டாங்க. அங்க இருக்கிற மத்த ரெண்டு மெல்டர்பியையும் இதையே சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப வெளங்குதா, அந்த ஒரு வரி எதுக்குன்னு?

— விளங்குது. அதுக்காகத்தான் உண்மையைச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறன். பொய்யை எழுதி அது பிடிபட்டா, துஷானிக்கும் உதவி இல்லை, உங்களுக்கும் விசா இல்லை.

— ஒங்களுக்கும் கதிரை இல்ல.

— எனக்கும் கதிரை இல்லை. ஓம், அதையும் யோசிக்கிறன். இல்லை எண்டு சொன்னா அது பொய்.

— பரவால்ல. அதையாச்சும் ஒத்துக்கிட்டீங்க.

— கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு இப்ப ஒரு விசயம் ஓடுது. பிழையா இருக்கலாம்.

— ஒங்களுக்கு எல்லாமே பிழையாத்தான் இருக்கலாம். சொல்லுங்க.

— மெல்டர்பி முதல் ஒரு ஊரின்ட பெயர். அந்தப் பள்ளத்தாக்கிலதான் அந்த ஊர். இப்ப மூண்டு வீடும் ஒரு பாலமும்தான் மிச்சம். அந்த ஊரில இருக்கைக்க ஒருத்தருக்கும் அந்தப் பெயர் இருந்திருக்காது. ஊருக்குள்ள இருக்கிற எல்லாரையும் ஊர்ப் பெயரால கூப்பிட்டா எப்பிடி ஆளைப் பிரிச்சு அறியிறது? அங்க இருந்து வெளிக்கிட்டு வேற இடத்துக்குப் போனவனைத்தான், அங்க இருந்தவை "மெல்டர்பிக்காரன்" எண்டு கூப்பிட்டிருப்பினம். அது அப்பிடியே பிள்ளைக்கு, பேரனுக்கு. அந்தப் பெயர் இருக்கிற ஆள் எண்டால், ஊரை விட்டு வந்த ஆள்.

— ஊரை விட்டு வந்தவனுக்கு அடுத்தவன் வச்ச பேரு.

— ஓம். உங்கட பக்கத்திலயும் அப்பிடித்தானே? ஒரு தோட்டத்து ஆளை மற்றத் தோட்டத்தில கண்டா முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" தகப்பன் பெயரைக் கேக்க மாட்டினம்.

— கேக்க மாட்டாங்க. கல்யாண வூட்டுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், அதான் கேள்வி.

— அப்ப பாஸ்போட் ஃபோமில குடும்பப் பெயர் எண்டு கேக்கைக்க, நீங்கள் பதினொரு பேரும் தோட்டத்தின்ட பெயரை எழுதியிருக்கிறியள். அப்பிடித்தானே?

— ஆமா! அதேதான் தம்பி. அதான் சங்கதி. இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்ல வந்தேன்.

— நீங்கள் துரை எண்டெல்லோ சொன்னனீங்கள்.

— தொரை பேருலதானே தோட்டம். நாங்க எல்லாம் மெல்டர்பி தோட்டம். நஸீராவோட அப்பா தோட்டத்து லொறி ஓட்டுனாரு. ஒரே லயம் இல்லாட்டியும் ஒரே தோட்டம். துஷானி வூடும் எங்க வூடும் ஒட்டுச் செவரு. கூடப்பொறக்காட்டியும் கூட வளந்தவ. இதை எழுதுங்க, போதும்.

— நல்லது. எந்த டிவிசன்?

— மேல் டிவிசன்.

— தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் என்ன? எல்லாத் தோட்டத்துக்கும் சனங்கள் ஒரு தமிழ்ப் பெயர் வைச்சிருக்குமே.

— பெரிய... பெரியமலைத் தோட்டம்.

— மஸ்கெலியாப் பக்கமோ?

— ஆமா. மஸ்கெலியாவுக்கு மேல.

— அக்கா, மெல்டர்பி எண்டு ஒரு தோட்டமே இல்லை.

— இருக்கு. நீங்க சரியாப் பாக்கல.

— இண்டைக்கு இருக்கிற தோட்டப் பட்டியலிலயும் இல்லை, மூடின தோட்டப் பட்டியலிலயும் இல்லை. போன கிழமையே தேடிப் பார்த்திட்டன்.

— பொறி வச்சிருக்கீங்க.

— உங்கட பிறப்புச் சான்றிதழ் பதுளை. துஷானின்டது தலவாக்கலை. நஸீராவின்டது மாத்தளை. பதினொரு பேருக்கு எட்டு ஊர். ஒட்டுச் சுவர் எண்டா சரியான நீளச் சுவர்.

— யாழ்ப்பாணத்துத் தொரை! நல்லா வச்சீங்க பொறி. இங்கிலாந்துல ஊரு, பாலம்னு கதை சொல்லி, நான் தலையாட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? படிச்ச புத்தி.

— பொறி வைக்க நினைச்சு அந்தக் கதையைச் சொல்லேல்லை. அது உண்மையிலேயே எனக்கு இப்பத்தான் பட்டது. பட்டியலில ஏறாத ஒரு சின்னத் தோட்டமா இருக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் உடன "ஆமா" எண்டு பாய்ஞ்சியள். அப்பத்தான் பயம் வந்தது. நான் என்ன சொன்னாலும் நீங்கள் ஓம் சொல்லுவியள் எண்டு.

— சொல்லுவேன். நாளைக்குப் பத்து மணிக்கு பஸ்ஸு. எங்க தாத்தா ராசான்னு சொன்னா லெட்டர் கெடைக்கும்னா அதையும் சொல்லுவேன்.

— அக்கா, கடைசியா ஒருக்கா. பெயர் எங்க இருந்து வந்தது?

— மெசினுல இருந்து.

— என்ன?

— டீ ஃபேக்டரியில கொழுந்து உருட்டுற ரோலரு மெசின் இருக்கும். பதினேழு வயசுல மூணு வருசம் அங்க வேலை செஞ்சேன். மெசினு வயித்துல கையளவு வெங்கலத் தகடு. மெல்டர்பின்னு இங்கிலீசுல. செஞ்சவன் பேரா, கம்பெனி பேரா, தெரியாது. தெனமும் எண்ணெத் துணியால அந்தத் தகடைத் தொடைக்கிறது என் வேலை. பேரு மனசுல நின்னு போச்சு.

— பதினொரு பேரும் அதே ஃபேக்டரியோ?

— இல்ல. நான் மட்டுந்தான்.

— அப்ப மற்றப் பத்துப் பேருக்கும்?

— நான்தான் எழுதினேன்.

— எங்க?

— ஹட்டன்ல, ஏஜென்டு வூட்டு முன்னறையில. எனக்கு ஓ எல் பரீட்சை பாஸ். இங்கிலீசு எழுதுவேன். என் பேப்பரு வர்ற வரைக்கும் அந்தாளுக்கு ஃபோம் நெரப்பிக் குடுத்தேன். அப்பத்தான் ஒத்தைப் பேரு இருந்தா விசா இல்லைன்னு சட்டம் வந்துச்சு. ஃபோமெல்லாம் திரும்பி வந்துருச்சு. ஏஜென்டு, "பின்னால எதையாச்சும் போடு கோசலா, ஜல்தி"ன்னாரு. ஒவ்வொருத்தியா வந்து மேசைக்கு முன்னால ஒக்காந்தா. "அக்கா, பின்னால என்ன போடுறது?"ன்னா.

— தகப்பன் பெயரைப் போட்டிருக்கலாமே. எல்லாரும் அதைத்தானே போடுறவை.

— போட்டிருக்கலாம். அப்ப ராமையாவும் முத்துசாமியும் காதரும் ஆளுக்கொரு தெசையில போயிருப்பாங்க.

— எனக்கு விளங்கேல்லை.

— தம்பி, நான் துபாய்க்கு வர்றதுக்கு முன்ன ஈசா டவுன்ல மூணு வருசம் இருந்தேன். எங்க ரூமுல மாரியம்மாள்னு ஒரு புள்ள. ஒரு நாளு வேலை செய்ற எடத்துல மயங்கி விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நான் டியூட்டி முடிஞ்சு ஓடினேன். வாசல்ல இருந்தவன் கேட்டான், "ஃபேமிலி?" நான் பொய் சொல்லத் தெரியாதவ. ஃப்ரெண்டுன்னேன். "ஃப்ரெண்டு மாஃபி"ன்னான், ஃப்ரெண்டுக்கெல்லாம் இல்லைன்னு.

— பிறகு?

— மறுநாளும் போனேன். மாஃபி. மூணாம் நாளு ஒரு நர்ஸம்மா கையைப் புடிச்சு அழுதேன். "நீ யாரு அவளுக்கு"ன்னு கேட்டுச்சு அந்த அம்மா. ஒரே பாயில படுத்தோம், ஒரே சட்டியில தின்னோம். அதுக்கு இங்கிலீசுல என்ன சொல்றது தம்பி? எனக்கு வரல. நாலாம் நாளு போனேன், அன்னைக்கு வாசல்ல ஆளு இல்ல, நேரா உள்ளயே போயிட்டேன். அவ கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க.

— செத்துப் போனாவோ?

— தெரியாது.

— ஊருக்கு அனுப்பினவையோ?

— தெரியாது தம்பி. அதான் சொல்றேன். இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாருமே எங்கிட்ட சொல்லல. நான் அவளுக்கு யாருமில்லையே.

— கோசலாக்கா...

— அந்த மேசையில ஒக்காந்து, குடும்பப் பேருங்கிற கட்டத்தைப் பாத்தேன். என்னத்த வேணுமுன்னாலும் எழுதலாம். யாரும் கேக்கப் போறதில்ல. மொதல்ல என் ஃபோமுல எழுதினேன். அடுத்து துஷானி வந்து ஒக்காந்தா. அதுக்கு முன்ன அவளைப் பாத்ததே இல்ல. பத்தொம்பது வயசு. ஆத்தா செத்துட்டா, அப்பன் இருக்கிற எடம் தெரியாது. "ஒனக்குன்னு யாரு இருக்கா"ன்னு கேட்டேன். "யாருமில்லக்கா"ன்னா. அப்பயே எழுதிட்டேன்.

— மற்றவையும் ஓம் எண்டவையோ?

— ஒவ்வொருத்திக்கும் சொன்னேன். நாளைக்கு ஒருத்தி ஆஸ்பத்திரியில கெடந்தா, ஸ்டேசன்ல கெடந்தா, வாசல்ல நிக்கிறவனுக்கு இந்தப் பேரு போதும். நீ எனக்கு அக்கா, நான் ஒனக்குத் தங்கச்சி. நஸீரா கொஞ்சம் யோசிச்சா. "வாப்பா திட்டுவாரே"ன்னா. அப்பறம், "சரி போடுங்க, வாப்பா என்ன குவைத்துக்கா வரப்போறாரு"ன்னா.

— அதுக்குப் பிறகு ஆருக்கும் உதவினதோ?

— குவைத்துல ரெண்டு தரம். இங்க துபாய்ல ஒரு தரம். துஷானிக்குத்தான் மொத தடவை பேப்பர் கேக்கிறான்.

— அப்ப நான் எழுதினது சரி. நீங்கள் பதினொரு பேரும் உறவில்லை.

— இல்ல.

— பெயர் களவு.

— களவுதான். அந்த மெசினுக்காரனுக்கு மட்டும் எப்பிடி வந்துச்சாம்? இப்பத்தானே சொன்னீங்க. ஊரை விட்டுப் போனவனுக்கு அடுத்தவன் வச்ச பேருன்னு. எங்களுக்கு நான் வச்சேன்.

— அது... அது நான் வகுப்புக்குச் சொல்லுற நியாயம். கடிதத்துக்கு அது காணாது.

— காணாதுதான். எனக்கும் தெரியும். இதைச் சொன்னா லெட்டர் கெடைக்காதுன்னுதான் தொரைன்னேன், தோட்டமுன்னேன். இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொப்பியில எழுதிக்கோங்க. பத்து பொம்பளைங்க பேரும் ஒங்க கையில. மூக்கால அழுது கேக்க மாட்டேன்.

— மற்றப் பத்துப் பேருக்கும் தெரியுமோ, நீங்கள் இதை என்னட்டச் சொன்னது?

— தெரிஞ்சா கொன்னுருவாளுங்க.

— சுஐபுவுக்கும் ஆரோ இப்பிடித்தான் ஒரு கதை சொல்லியிருப்பினம்.

— சொல்லியிருப்பாங்க. அது பொய்யா நெசமான்னு அவருக்குத் தெரியாம இருந்திருக்கும். ஒங்களுக்குத் தெரியும்.

— அதுதான் கஷ்டம்.

— நான் கெளம்புறேன். ரெண்டரைக்கு டியூட்டி வேன் வந்துரும். இந்தாங்க ஒங்க கொப்பி.

— நில்லுங்கோ. துஷானிக்கு என்ன வயசு இப்ப?

— இருவத்தொண்ணு. ஃபைலுலதானே இருக்கு.

— ஃபைலைக் கேக்கேல்லை, உங்களைக் கேக்கிறன். என்ன சாப்பாடு விருப்பம்? ஆரும் என்னைக் கேட்டா நான் சொல்ல வேணும்.

— ரொட்டியும் கட்டச் சம்பலும். எறைச்சி தின்ன மாட்டா. எதுக்குத் தம்பி? யாரு கேக்கப் போறா?

— விஜயபாஸ்கர் சார் கேப்பார். அவர் அப்பிடித்தான், திடீரெண்டு ஒரு சின்னக் கேள்வி கேப்பார். இடக்கையோ வலக்கையோ?

— எடக்கை. சோறு மட்டும் சோத்தாங்கையில. என்ன எழுதுறீங்க? திரும்பவும் கொப்பியிலதானே எழுதுறீங்க? தம்பி, எதுவா இருந்தாலும் வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க. எனக்குத் தெரியாம எங்களப் பத்தி எழுதினது போதும்.

— நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை. வேற ஒண்டும் இல்லை.

— அதை வாசிங்க.

— "நாளை, பன்னிரண்டு, புதன்கிழமை. காலை எட்டு மணிக்கு விஜயபாஸ்கர் சாரின் கையெழுத்துக்குக் கடிதம் வைக்க வேண்டும். கோசலா மெல்டர்பி, துஷானி மெல்டர்பியின் உடன்பிறந்த அக்கா. பதினொரு கோப்புகளையும் நானே விசாரித்தேன். அனைவரும் ஒரே குடும்பம்."